கோபம் சீரம்மா

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. அன்று நடந்தவை வரிசையாக:

1. பகல் பன்னிரண்டரை: தபால் நிலையச் சேமிப்பிலிருந்து என் தேர்வுக் கட்டணத்துக்கான பணத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

2. மூன்று மணி: ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு வேறொருவரைப் பாராட்டினார்.

3. ஐந்தே முக்கால்: அந்தக் கைப்பையோடு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன்.

4. ஆறு மணி: கடைக்காரர் தன் மனைவியிடம் தெலுங்கில் ஐந்தே ஐந்து வார்த்தை சொன்னார்.

5. ஆறரை மணி: சேலை வாங்காமல் வெளியே வந்தேன்.

எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்த நான்காவது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இருக்கும் இடமே வேறு.

நான் மின்பொறியியலில் டிப்ளமா படித்தவள். சொந்த ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே. திருத்தணிக்கு வெளியே இருந்த துணை மின்நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரே பெண் நான்தான். ஊருக்குள் ஒரு நெசவாளர் வீட்டில் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். டிப்ளமாக்காரர்கள் வேலையில் இருந்துகொண்டே எழுதி, பட்டத்துக்குச் சமமான தகுதியைப் பெறுவதற்கு ஒரு தேர்வு உண்டு. அதை எழுதி முடித்தால் பொறியாளர் ஆகலாம். அதற்காகத்தான் அப்பா என்னை அவ்வளவு தூரம் அனுப்பவே சம்மதித்தார். முதல் வருடம் நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் "வேலை அதிகம், படிக்க நேரமில்லை" என்று காரணம் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் இரண்டு சேலைகள். கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அவற்றுக்குப் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அப்படி ஆகாது என்று நினைத்திருந்தேன். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கச் சனிக்கிழமை கடைசி நாள். வியாழன் மதியம் பணத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் வங்கியில் வரைவோலை எடுக்கும் நேரம் முடிந்திருந்தது. வெள்ளி காலை எடுத்து உடனே தபாலில் சேர்த்துவிடலாம் என்பது திட்டம்.

இனி அந்தப் படம். எங்கள் நிலையத்துக்கு எந்தத் தடத்தில் மின்சாரம் வருகிறது, எந்தெந்தத் தடத்தில் வெளியே போகிறது என்பதை ஒரே தாளில் காட்டும் வரைபடம் அது. பழைய படம் கிழிந்து, திருத்தங்கள் ஏறி, யாருக்கும் புரியாமல் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் தடத்தில் பழைய படத்தில் இருந்த ஒரு தவறையும் கண்டுபிடித்துச் சரி செய்தேன். ஆய்வு நாளன்று அது சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

அதிகாரி உள்ளே வந்ததும் எங்கள் பொறியாளர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, கொஞ்சம் வெளியே போய் அஞ்சு காபி சொல்லிட்டு வந்துடேன்" என்றார். கெட்ட மனிதரில்லை. அந்த நேரத்தில் வாசலுக்கு அருகில் நின்றிருந்தது நான்தான், அவ்வளவுதான். காபி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது அதிகாரி படத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"யாருப்பா வரைஞ்சது? கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்ற என் சக ஊழியரின் தோளில் தட்டினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் என் மேசைக்குப் போய் மூன்று மணி அளவீடுகளை லாக் புத்தகத்தில் எழுதினேன். கையெழுத்துகூட மாறவில்லை. என் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அந்த நாட்களில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடை. கிருத்திகைக் கூட்டம் அப்போதே சேரத் தொடங்கியிருந்தது. மலைப்படிப் பக்கமிருந்து அரோகரா சத்தம் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் உடுத்திய குடும்பங்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், பொரி கடலைக் கடைகள். நான் எதையும் பார்க்கவில்லை. கால்கள் நேரே கடைக்குப் போயின. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை விரிப்பில் உட்கார்ந்தேன்.

கடையை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். மனைவிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அத்தை மகனைக் கட்டியவர் என்பதால் கணவரைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். வீட்டுப் பேச்சு தெலுங்கு, வாடிக்கையாளர்களிடம் தமிழ். இந்த எல்லைப் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டும் தெரியும் என்பதால் ஊர்க்காரர்கள் முன்னால் எதையும் மறைத்துப் பேச வழியில்லை. தெற்கிலிருந்து வந்தவர்கள் எதிரே மட்டும் தெலுங்கு ஒரு திரைச்சீலை. என்னை அவர்கள் தஞ்சாவூர்க்காரி என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நான் குடியிருந்த நெசவாளர் குடும்பம் காலை முதல் இரவு வரை தெலுங்கில்தான் பேசும் என்பதும், அந்த வீட்டுப் பெண்கள் நைனா நைனா என்று அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே நான் மொழியைப் பிடித்துக்கொண்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கடையில் தெலுங்கு பேச வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அதை வெளிக்காட்டாமல் இருப்பதில் எனக்கு லாபமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்னால் வந்திருந்தவர்களை அனுப்பிவிட்டுக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு மனைவியிடம், மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போன்ற சாதாரணக் குரலில் சொன்னார்:

"கோபம் சீரம்மா ஒச்சிந்தி. பைவி தீயி."

சீர என்றால் சேலை. கோபச் சேலைக்காரி வந்துவிட்டாள், மேல் அடுக்கில் இருப்பதை எடு.

மேல் அடுக்கில்தான் பட்டு இருந்தது.

மனைவி உடனே எடுக்கவில்லை. "பாபம், ஒத்து பாவா" என்றார். பாவம், வேண்டாம் என்று அர்த்தம். கடைக்காரர் கண்ணால் அதட்டினார். மனைவி ஸ்டூலில் ஏறி ஒரு கத்திரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கொடுக்க, கடைக்காரர் அதை என் மடிக்கு முன்னால் விரித்தார். அழகான சேலை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கடையில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அதுவும் ஒரு நாளில் வைக்கும் பெயரில்லை, பழகித் தேய்ந்த பெயர். என் முகத்தில் எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் இந்த இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அடுத்த கணம், இந்தச் சேலையை வாங்கி இவர்கள் முகத்தில் அடித்தாற்போல் முழு விலையையும் எண்ணி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுமே கைப்பையின் கொக்கியில் கை போனது. தேர்வுக் கட்டணத்தின் மேல்தான் கை பட்டது. அவர் சொன்ன ஐந்து வார்த்தையும் சரிதான் என்று அந்தக் கை எனக்குச் சொல்லிவிட்டது.

கையை எடுத்தேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, தெலுங்கிலேயே பேசினேன்.

"சீர ஒத்தண்டி. கொஞ்செம் நீள்ளு இவ்வண்டி."

சேலை வேண்டாங்க, கொஞ்சம் தண்ணி கொடுங்க.

கடைக்காரர் கையில் இருந்த அளவுகோல் மெதுவாகக் கீழே இறங்கியது. மனைவி ஸ்டூலில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் பயம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அய்யய்யோ, உங்களுக்குத் தெலுங்கு வருமா?"

"வரும்."

"எப்பலேர்ந்து?"

"ஒண்ணரை வருஷமா."

"ஒண்ணரை வருஷமா! பாவா, நாம இன்னா இன்னா பேசிகினு இருந்தோம்!" என்று அவர் இறங்கி வந்தார்.

கடைக்காரர் யோசித்தார். அவர் முகம் மாறியது. "அடக்க வெலைய உன்கிட்ட தெலுங்குலதானே கேப்பேன்? அதான் இந்தம்மா துண்டு வாங்கினாலும் ஜாக்கெட் துணி வாங்கினாலும் கரீட்டா அடக்கத்துக்கு எட்டணா மேல வந்து நின்னுகினு இருந்தாங்களா!"

இதுதான் நான் சொன்ன லாபம். இப்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப சரிக்குச் சரி ஆய்ப்போச்சு, வுடு பாவா" என்று சொல்லிவிட்டு மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தப்பா எட்துக்காதீங்கம்மா. இவருக்கு வாய் சும்மா இருக்காது."

"பரவாயில்லை. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நான் கோபமா இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது? நான் ஒண்ணும் பேசவே இல்லையே."

"மூஞ்சிய யார் பாத்தாங்க? அங்க பாருங்க" என்று மனைவி வாசலைக் காட்டினார்.

என் செருப்புகள். ஒன்று படிக்கு அருகில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. மற்றது இரண்டடி தள்ளி, வேறு யாருடையதோ போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மத்த நாள்ல ரெண்டும் ஜோடியா நிக்கும், இஸ்கோல் புள்ளைங்க மாதிரி. வெலை கேப்பீங்க. ரெண்டு தபா கேப்பீங்க. கோவம் வந்த அன்னிக்கு செருப்பு ஒருபக்கம், நீங்க ஒருபக்கம். வெலையே கேக்க மாட்டீங்க. கட்டிக் குடுங்கன்னு சொல்லிட்டு போய்கினே இருப்பீங்க."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். அழுகை வரும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது.

"உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கடையே எங்க்து, நான் எங்க போயி வாங்கறது? பூரி சுடுவேன். நாப்பது, அம்பது."

"திங்கறது நானு" என்றார் கடைக்காரர். "இவளுக்கு வாரத்துல மூணு நாள் கோவம். என் தொப்பைய பாருங்க."

மூவரும் சிரித்தோம். அவர் சேலையை மடித்தபடி, "யாவாரம் போச்சு" என்று முணுமுணுத்தார். ஆனால் மேல் அடுக்கில் அதைத் திரும்ப வைத்தது அவர்தான். வெளியே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தேன். வேலையில் சேர்ந்த பிறகு அந்தக் கடையில் வாங்கியவை ஏழு. அவற்றில் கட்டியது இரண்டே. மற்ற ஐந்தும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு தடத்தில் கோளாறு வந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். என்ன காரணத்தால் துண்டிக்கப்பட்டது என்பதைக் காட்ட, பலகையில் ஒரு சின்னத் தகடு கீழே விழும். அதைக் கொடி என்போம். ஊர் இருட்டில் கிடக்கிறது, ஃபோன் மேல் ஃபோன் வருகிறது என்றாலும், எந்தக் கொடி விழுந்தது என்று பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிய பிறகே அதைத் தூக்கிவிட வேண்டும். அவசரப்பட்டு எழுதாமல் தூக்கிவிட்டால் காரணம் போய்விடும், அதே கோளாறு திரும்ப வரும். இதை நான் வேலையில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வீட்டில் பல முறை எழுதாமலே கொடியைத் தூக்கியிருக்கிறேன்.

ஒரு தாளில் ஒவ்வொரு சேலைக்கும் எதிரே அது வாங்கிய நாளில் என்ன நடந்தது என்று எழுதினேன். எல்லாமே நினைவிருந்தது. அதுதான் ஆச்சரியம்.

மாம்பழ மஞ்சள்: தங்கைக்கு முதலில் கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று அம்மாவிடமிருந்து வந்த கடிதம். என்னைக் கேட்கவில்லை, தகவல்தான் சொல்லியிருந்தார். பாசிப் பச்சை: அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம், எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். செங்கல் நிறம்: என் பிறந்த நாள், யாரிடமிருந்தும் கடிதம் இல்லை. இப்படியே போனது. ஏழில் ஒன்றுதான் நல்ல நாளில், முதல் சம்பளத்தில் வாங்கியது. கட்டிய இரண்டில் அது ஒன்று.

படித்துப் பார்த்தபோது கடைக்காரர் வைத்த பெயர் முழுக்கச் சரியில்லை என்று தெரிந்தது. விழுந்த கொடி கோபம் இல்லை. நான் இருப்பது யாருக்கும் தெரியவில்லை என்ற நினைப்பு. அது வந்த நாட்களில்தான் நான் கடைக்குப் போயிருக்கிறேன். ஏனென்றால் கடையில் "உக்காருங்கம்மா" என்பார்கள். எனக்காக இருபது சேலைகளை இறக்குவார்கள், இந்தக் கரை உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பார்கள். அரை மணி நேரம் இரண்டு பேர் என்னை மட்டுமே பார்த்துப் பேசுவார்கள். நான் வாங்கியது அந்த அரை மணி நேரத்தைத்தான். சேலை அதோடு வந்த பொட்டலம். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரிக்கவே தோன்றவில்லை.

காரணம் தெரிந்தால் எங்கே பழுது பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வங்கி திறந்ததும் வரைவோலை எடுத்தேன். விண்ணப்பத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் போட்டேன். அலுவலகத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றேன்.

எந்த வரைபடத்துக்கும் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அளவு, நாள், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று அதில் இடம் விட்டிருப்பார்கள். என் படத்தில் 'வரைந்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. நான்தான் காலியாக விட்டிருந்தேன். பெயரைப் போட்டுக்கொள்வது பெருமை அடித்துக்கொள்வதாகும் என்று கூச்சம். அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். படத்தை இறக்கி மேசையில் வைத்து, இந்திய மசியால் என் பெயரை எழுதினேன். எழுத்து நேராக வந்தது.

சக ஊழியர் பின்னால் வந்து நின்றார். "நான் வரைஞ்சேன்னு நான் சொல்லவே இல்லீங்களே" என்றார்.

"இல்லேன்னும் சொல்லலையே."

அவர் மறுபடி தலையைச் சொறிந்தார். பிறகு படத்தை மாட்ட அவரே ஸ்டூலை எடுத்துவந்தார். பொறியாளர் மதியம் வந்து மூலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத நேத்தே போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவருக்கு நான் சொல்ல நினைத்த பதில்கள் நிறைய. "தப்புதான் சார், இனிமே போடறேன்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாசியில் பக்கத்து வீட்டில் குடிவந்து எனக்குத் தோழியாகியிருந்த ஒரு டீச்சர் மாற்றலாகிப் போன அன்று, சென்னைக்குப் போய்த் தேவையே இல்லாத ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்தேன். ஆனால் இப்போது கைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்று கால் பரபரத்தால் முதலில் நேரத்தை எழுதுவேன், பிறகு கொடியை. பெரும்பாலும் எழுதி முடிப்பதற்குள் கால் அடங்கிவிடும். அடங்காவிட்டால், அந்தக் கொடிக்கு யாரிடம் பேச வேண்டுமோ அவர்களிடம் பேசுவேன். தங்கை கல்யாண விஷயத்தில் அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். "நீ எதையும் மனசுல வெச்சுக்கிற பொண்ணு இல்லைன்னு நெனச்சேன்" என்று பதில் வந்தது. என் முகத்தின் வேலை!

ஜவுளிக்கடைக்கு இன்றும் போகிறேன். சும்மா போகிற நாட்களும் உண்டு, அன்று பூரி கிடைக்கும். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் முதலில் செருப்பைப் பார்ப்பார். "சீரம்மா ஒச்சிந்தி" என்பார். கோபம் என்ற முன்பகுதியை எப்போது விட்டார்கள் என்று எனக்கே தெரியாது. அடக்க விலையை மட்டும் இப்போதெல்லாம் தாளில் எழுதித்தான் காட்டிக்கொள்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை போய் மூன்று வருடமாகிறது. இன்றைய நிலவரம் இது. தேர்வின் முதல் பகுதி முடிந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் இரண்டு தாள்கள் பாக்கி. சேலைகள் ஏழிலிருந்து ஒன்பதாகியிருக்கின்றன, புதிய இரண்டும் இரண்டு தடவை விலை கேட்டு வாங்கியவை, இரண்டையும் கட்டுகிறேன். எந்தக் கடை வாசலிலும் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறேன், ஏனென்றால் என் முகம் என்னிடமே மறைக்கும் விஷயத்தை என் செருப்பு மறைப்பதில்லை.